வெளியூர்க்காரர் மலையடிவாரத்துல குடியேறுன கதை: கோத்தகிரியில படிச்சவங்க என்ன சொன்னாங்க

நீங்க கேட்டத சுருக்கிச் சொன்னா இதுதான்: பீட்டர் மெய்ல் எழுதுன 'எ இயர் இன் ப்ரொவான்ஸ்' படிச்சீங்க, ரொம்பப் புடிச்சிருச்சு, கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன வீடு பாத்து வந்துரலாமான்னு கூட தோணுது, ஆனா படிச்ச மத்தவங்கள்ல பாதி பேர் வாழ்க்கையே மாறிருச்சுங்கறாங்க, பாதி பேர் காசு இருக்கறவன் கொழுப்புங்கறாங்க, எது சரி, நீலகிரியில இருக்கறவங்க இத எப்படிப் படிப்பாங்க.

எது சரின்னு போறதுக்கு முன்னாடி நான் எங்க நின்னு பேசறேன்னு சொல்லிர்றேன். கோத்தகிரிதான் ஊரு. வெளியூர்ல இருந்து வந்து இங்க எடம் வாங்கறவங்களுக்கு வீடு கட்டற வேலைய மேற்பார்வை பாக்கறது பொழப்பு. படிக்கற கிறுக்கும் உண்டு, அதே கிறுக்கு புடிச்ச நாலஞ்சு பேர் அப்பப்ப ஒருத்தர் வீட்டுல உக்காந்து ஒரு புத்தகத்தப் பத்திப் பேசுவோம். போன மழை சீசன் பூரா இந்தப் புத்தகம்தான் ஓடுச்சு. இங்கிலீஷ் வராதவங்களுக்கு நானே கதையா சொன்னேன். அதனால மொத்த நீலகிரியும் இப்படித்தான் நெனைக்குதுன்னு எடுத்துக்காதீங்க, எங்க கூட்டத்துல என்ன பேசுனோமோ அதத்தான் சொல்றேன்.

படிக்காதவங்களுக்காக ரெண்டு வரி. மெய்ல் இங்கிலாந்துக்காரரு, விளம்பரத் துறையில பெரிய வேலையில இருந்தவரு. பிரான்ஸுக்குத் தெக்க லூபெரான் மலையடிவாரத்துல, மெனெர்ப்ங்கற ஊருக்குப் பக்கத்துல, 200 வருஷப் பழைய பண்ணை வீட்ட வாங்கி மனைவியோட போய் குடியேறிட்டாரு. நாவல் எழுதத்தான் போனாரு, ஆனா வீட்டு ரிப்பேரும் அக்கம்பக்கத்து ஆளுங்களுமா நேரத்த முழுங்கிட்டதால கடைசியில அதையே புத்தகமாக்கிட்டாரு. ஜனவரியில ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் மாசத்துக்கு ஒரு அத்தியாயம். 1989ல வந்தப்ப மொதல்ல 3000 காப்பிதான் போட்டாங்க, அப்புறம் லட்சக்கணக்குல வித்து, பல மொழிக்குப் போயி, 1993ல பிபிசியில சீரியலாவும் வந்துச்சு. சாப்பாடு, வெயிலு, மிஸ்ட்ரால்னு ஒரு பேய்க்காத்து, சொன்ன நாளுக்கு வராத வேலையாளுங்க. கதைன்னு பாத்தா இவ்வளவுதான், ஆனா மனுஷன் சிரிக்க சிரிக்க எழுதியிருக்காரு. எனக்கும் புடிச்ச புத்தகம்தான், அத மொதல்லயே சொல்லிர்றேன், பின்னாடி நான் குத்தம் சொல்றப்ப நீங்க மறந்துருவீங்க.

இப்ப எங்க கூட்டம். சென்னையில பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆகி இங்க வந்து செட்டில் ஆன ஒரு சார் இருக்காரு, அவருக்கு இது வேதம் மாதிரி. ஜனவரி அத்தியாயத்துல குளிர்ல தண்ணி பைப் வெடிக்கற எடத்துல இருந்தே சிரிக்க ஆரம்பிச்சுட்டாரு. வெயில் காலம் வந்ததும் எப்பவோ பாத்துப் பழகுன ஆளெல்லாம் லண்டன்ல இருந்து போன் போட்டு 'உங்க ஊர்ப் பக்கம் வர்றோம்'ங்கறாங்க பாருங்க, அந்த எடத்துல புத்தகத்த மூடி வச்சுட்டு 'ஏங்க, மே மாசம் எங்க வீட்டு லேண்ட்லைன ஒட்டுக்கேட்டு எழுதியிருக்கான்யா'ன்னாரு. உண்மைதான். ஊட்டியில ரூம் கெடைக்கல, ரெண்டு நாள் மட்டும் தங்கிக்கறோம்னு வர்ற சொந்தக்காரங்க லிஸ்ட்ட அவர் மிஸஸ் ஃப்ரிட்ஜ் மேலயே ஒட்டி வச்சிருக்காங்க. இந்த மாதிரி ஏற்கனவே எடம் மாறி வந்தவங்க, வரணும்னு ஆசையில இருக்கறவங்க, இவங்களுக்குப் புத்தகம் கண்ணாடி. இவங்க அதோட குறையப் பாக்க மாட்டாங்க, பாக்கவும் தேவையில்ல.

படுகர் சமூகத்துல ஒரு டீச்சர் வருவாங்க, சொந்தமா கொஞ்சம் தேயிலை இருக்கு, பச்சை தேயிலை கிலோ என்ன போகுதுங்கறது அவங்க வீட்டுல தெனமும் சாப்பாட்டுக்கு முன்னாடி வர்ற பேச்சு. நாங்கெல்லாம் சமையல் பத்தியும் காத்து பத்தியும் பேசிட்டு இருந்தப்ப அவங்க ஒரே ஒரு பத்தியத்தான் திரும்பத் திரும்பப் படிச்சிருக்காங்க. மெய்ல் வாங்குன வீட்டோட திராட்சைத் தோட்டமும் வருது. அத ஃபாஸ்டின்ங்கற பக்கத்து விவசாயி பங்கு வாரத்துக்குப் பாக்கறாரு. புதுக் கொடி வாங்கறது ஓனர் செலவு, உழைப்பு பூரா ஃபாஸ்டின் குடும்பம், வர்ற லாபத்துல விவசாயிக்கு மூணுல ரெண்டு பங்கு, ஓனருக்கு ஒரு பங்கு. டீச்சர் கேட்டது இதுதான்: 'சார், இந்தாளு அந்த ஊருக்கு நேத்து வந்தவரு, ஃபாஸ்டினுக்கு அந்தத் தோட்டத்துல ஒவ்வொரு கொடியும் தெரியும், அப்படியிருக்க அந்த எடம் வித்தப்ப ஃபாஸ்டின் ஏன் வாங்கல?' எங்க யாருக்கும் இது தோணல. புத்தகத்துல அதுக்குப் பதிலும் இல்ல, ஏன்னா அது மெய்லோட கேள்வியே இல்ல. ஃபாஸ்டின் நல்ல மனுஷன், உதவற மனுஷன், திராட்சை பத்தி எப்பவும் பொலம்பற மனுஷன், அந்த அளவோட நின்னுடுது. பொலம்பலுக்குப் பின்னாடி என்ன கணக்கு இருக்குன்னு டீச்சருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல, கோத்தகிரியில எந்த ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்கு, போனாலும் வெலை கெடைக்காததால தோட்டத்த வித்தவங்க கதை கொறஞ்சது ரெண்டு கேக்கலாம், அத வாங்குனவங்க கேட்டுல 'மிஸ்டி' ஏதோன்னு ஒரு போர்டு தொங்கும்.

ஆனா எனக்கு ரொம்ப நாள் மனசுல நின்னது மேஸ்திரி சொன்னது. ஜான்ஸ்டோன் ஸ்கொயர்ல ஒரு டீக்கடையில உக்காந்து, அவர் வர்க்கிய டீயில முக்கிட்டு இருக்கும்போது, நான் அந்த டிசம்பர் கதையச் சொன்னேன். வருஷம் பூரா சமையக்கட்டு வேலை முடிய மாட்டேங்குது, ஆளுங்க வர்றாங்க, பாதியில போட்டுட்டு போயிர்றாங்க, அப்ப மெய்லோட மனைவி ஒரு ஐடியா பண்றாங்க, வேலையாளுங்களையும் அவங்க பொண்டாட்டிமாரையும் சேத்து கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஒரு விருந்துக்குக் கூப்புட்டுர்றாங்க. பொண்டாட்டிங்க வந்து பாக்கும்போது வேலை அரைகுறையா கெடந்தா மானம் போயிரும்ல, அவ்வளவுதான், எல்லாரும் அடிச்சுப் புடிச்சு வந்து முடிச்சுர்றாங்க. படிக்கற எல்லாருக்கும் புடிச்ச எடம் இது. மேஸ்திரி வர்க்கிய மென்னுகிட்டே, 'பில்லு எப்ப செட்டில் பண்ணாராம் தம்பி?'ன்னு கேட்டாரு.

தெரியலண்ணேன்னேன்.

'அது தெரியாம ஆளு வரல ஆளு வரலன்னா எப்படி'ன்னுட்டு அவரே வெலாவாரியா எடுத்து வச்சாரு, அத நான் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இங்க வீடு கட்டணும்னா உங்களுக்கும் ஒதவும். நம்ம பக்கம் கூடலூர், ஊட்டி மேக்கால ஜூன் ஜூலையில மழை அடிக்கும், கோத்தகிரி குன்னூருக்கு முக்கியமான மழை அக்டோபர் நவம்பர்தான். அந்த ரெண்டு மாசத்துல சரிவ வெட்டி அஸ்திவாரம் எடுக்கச் சொன்னா வெவரம் தெரிஞ்ச எந்த மேஸ்திரியும் தட்டிக் கழிப்பாரு. முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாரு, அடுத்த வாரம் பாக்கலாம்பாரு, போன எடுக்க மாட்டாரு. 2009 நவம்பர்ல மண்சரிவுல இந்த மாவட்டத்துல 40 பேருக்கு மேல போயிட்டாங்க, ராத்திரியோட ராத்திரியா வீடு வீடா எறங்குச்சு, எங்க மேஸ்திரி அதப் பாத்தவரு. மழையில பொதபொதன்னு கெடக்கற மண்ணுல தடுப்புச் சுவர் இல்லாம கை வைக்க மாட்டாரு. பெங்களூர்ல இருந்து வீடியோ கால்ல சைட்டப் பாக்கற ஓனருக்கு அது சோம்பேறித்தனமாத் தெரியுது. அடுத்தது சிலாப். கான்கிரீட் போட்டதும் ரெண்டு மூணு வாரம் பலகைய பிரிக்க முடியாது, குளிர்ல கான்கிரீட் இறுக இன்னும் லேட்டாகும், அந்த நாள்ல அங்க தண்ணி ஊத்த ஒரு ஆள் போதும், கொத்தனார் என்ன பண்ணுவாரு, வேற சைட்டுக்குப் போவாரு. அங்க போனதும் அங்க ஒரு வேலை இழுத்துரும். அப்புறம் மணல், சிமெண்ட் எல்லாம் மேட்டுப்பாளையத்துல இருந்து மேல ஏறணும், வர்ற வழியில குஞ்சப்பனை பக்கம் ஒரு மரம் ரோட்டுல விழுந்தாலோ பலாப்பழ சீசன்ல யானை நின்னாலோ லோடு அன்னைக்கு வராது, லோடு வரலன்னா சித்தாளுக்குச் சும்மா கூலி. கடைசியா காசு. ஓனருங்க பணத்த சொட்டு சொட்டா குடுக்கறதால, ஒரு வேலைய மட்டும் நம்பி உக்காந்தா அடுப்பு எரியாது, அதனால எப்பவும் மூணு சைட்ட கையில வச்சிருக்கணும். 'மூணு சைட் இருந்தா மூணு ஓனருக்கும் நான் வராதவன்தான்'னாரு.

இத அப்படியே திரும்பிப் புத்தகத்துல வச்சுப் பாருங்க. அங்கயும் ப்ளம்பர், கொத்தனார், தச்சன் யாரும் வேலை இல்லாம திண்ணையில படுத்துக் கெடக்கல, எங்கயோ இன்னொரு வீட்டுல வேலை பாத்துட்டுதான் இருந்திருக்காங்க. மெய்லுக்குத் தெரிஞ்சது தன் வீட்டுல அவங்க இல்லங்கறது மட்டும்தான். அவங்க வராததுக்குக் காரணம் பெரும்பாலும் 'தெக்கத்தி ஆளுங்க நேரத்த அப்படித்தான் பாப்பாங்க'ன்னு அந்த ஊர் சுபாவத்து மேலயே போயிருது. சிரிப்பு வர்றதும் அதுலதான், கோவம் வர்றதும் அதுலதான். ஒண்ணு சொல்லணும், மெய்ல் தன்னையும் சேத்துதான் கிண்டல் பண்ணிக்கறாரு, ஒண்ணும் தெரியாத வெளியூர்க்காரனா நிக்கறாரு, ஒரு எடத்துலயும் நான் ஒங்களுக்கு நாகரிகம் சொல்லித் தர வந்தவன்னு நிக்கல. அதனால திமிருங்கறத நான் ஒத்துக்க மாட்டேன். கண்ணு எட்டுன தூரம் அவ்வளவுதான்.

ஹோம்ஸ்டே நடத்தற ஒரு தம்பி கூட்டத்துக்கு வருவான், அவனுக்கு இந்தப் பஞ்சாயத்து எதுலயும் ஈடுபாடு இல்ல, 'அண்ணா, இதே மாதிரி யாராவது நம்ம ஊரப் பத்தி எழுதுனா புக்கிங் பிச்சுக்கும்ல'ன்னான். அவன் சொன்னதுல தப்பில்ல, ஆனா அதோட மறுபக்கத்தையும் மெய்லே அனுபவிச்சாரு. புத்தகம் படிச்ச ஆளுங்க மெனெர்ப்ப தேடிக் கெளம்பி வந்து, அவர் வீட்டக் கண்டுபுடிச்சு, வாசல்ல வந்து நின்னாங்க. லூபெரான கெடுத்தவர்னு இங்கிலாந்துப் பத்திரிகைக்காரங்க திட்டுனாங்க, எடத்து வெலை ஏறிப்போச்சுன்னு உள்ளூர்ல ஒரு பேச்சு, யாவாரம் நல்லா ஓடுதுன்னு இன்னொரு பேச்சு. கடைசியில அந்த வீட்ட விட்டுட்டு அமெரிக்காவுல லாங் ஐலண்டுக்குப் போயிட்டாரு. கொஞ்ச வருஷம் கழிச்சு திரும்ப அதே லூபெரானுக்கு வந்து லூர்மராங்கற ஊர்ல இருந்தாரு. 2002ல பிரெஞ்சு அரசாங்கம் லீஜியன் ஆஃப் ஹானர் விருது குடுத்துச்சு, 2018 ஜனவரியில தவறிட்டாரு. ஆக ஊர் அவர தொரத்தவும் இல்ல, தலையில வச்சு ஆடவும் இல்ல. நம்ம ஊர்ல கூட்டம் தாங்காம 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் போட்டாங்களே, அதுக்கு யாரு எழுதுன புத்தகமும் தேவைப்படல, ரீல்ஸ் போதுமா இருந்துச்சு.

மலைய வெளியூர்க்காரன் எழுதறது இங்க புதுசும் இல்ல. 1819லயே கலெக்டர் சல்லிவன் இத சுவிட்சர்லாந்தோட ஒப்பிட்டு லெட்டர் போட்டுட்டாரு, அந்த ஒப்பீட்ட இன்னைக்கு வரைக்கும் ரிசார்ட்காரங்க விடல. ரிச்சர்ட் பர்ட்டன்ங்கற இங்கிலீஷ்காரப் பயணி 1847ல ஒடம்பு சரியில்லன்னு லீவு போட்டு ஊட்டிக்கு வந்து, சலிச்சுப்போயி லீவு முடியறதுக்கு முன்னாடியே கெளம்பி, 1851ல ஒரு புத்தகமும் எழுதி ஊட்டி வெள்ளைக்கார சமூகத்த நல்லா வாரியிருக்காரு. எனக்கென்னமோ மலைய ஆஹா ஓஹோன்னு எழுதுனவங்கள விட சலிச்சுப்போயி எழுதுனவங்ககிட்டதான் கூடுதல் தகவல் கெடைக்குது. சரி, அது தனிக் கதை.

எங்க அப்பா சொன்னத மட்டும் விட்டுறக்கூடாது. அவர் இலங்கையில தேயிலைத் தோட்டத்துல பொறந்து வளந்தவரு, இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல கணக்குப் பண்ணி அனுப்புன லட்சக்கணக்கான பேர்ல ஒருத்தரு. தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல எறங்கி, மண்டபம் முகாம்ல இருந்துட்டு, டேன்டீங்கற அரசாங்கத் தேயிலைத் தோட்ட வேலைக்காக இந்த மலைக்கு வந்து சேந்தாரு. பாத்தா அதுவும் இதே கதைதான்: தெரியாத ஊரு, புதுக் குளிரு, பேச்சு வழக்கு வேற, ஒழுகற கூர, பக்கத்து வீட்டுக்காரங்க எப்படியோன்னு பயம், சந்தையில என்ன காய் எப்ப வரும்னு ஒண்ணொண்ணாக் கத்துக்கறது. மெய்ல் கதைய அவருக்கு நான் முழுசாச் சொல்லி முடிச்சேன், லாங் ஐலண்ட் போயிட்டுத் திரும்பி வந்தது வரைக்கும். எல்லாத்தையும் கேட்டுட்டு, 'நெனச்சா போகலாம், நெனச்சா வரலாம், அப்படியா'ன்னு மட்டும் கேட்டாரு. குத்தலா எல்லாம் சொல்லல, தகவலாத்தான் கேட்டாரு. அவர மாதிரி வந்தவங்கள நாம தாயகம் திரும்பியோர்னுதான் கார்டுல எழுதுனோம், அவங்க கதை வந்தா அத வரலாறு, துயரம்ங்கற அலமாரியில வைப்பாங்க, பயணக் கதை அலமாரியில யாரும் தேட மாட்டாங்க. லயத்துக் கூரைக்குக் கீழயும், அதாவது தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீட்டுலயும், சிரிப்பு நெறைய இருந்துச்சு, அப்பா சொல்றத கேட்டா வயிறு வலிக்கும்.

இதையெல்லாம் வச்சு உங்க கேள்விக்கு வர்றேன். வாழ்க்கை மாறிருச்சுங்கறவங்களும் திட்டறவங்களும் புத்தகத்தோட எழுத்தப் பத்திப் பேசற மாதிரித் தெரியும், ஆனா அவங்கவங்க அந்தக் கதையில எந்த ஆளா இருந்திருப்பாங்களோ அந்த எடத்துல நின்னுதான் பேசறாங்க. பேங்க் சார் மெய்லா நிக்கறாரு, டீச்சர் ஃபாஸ்டினா நிக்கறாங்க, மேஸ்திரி மேஸ்திரியாவே நிக்கறாரு. திட்டறவங்கள்லயும் சில பேர் மேல எனக்கு சந்தேகம் உண்டு, பாதிப் பேருக்கு அங்க வீடு வாங்க வசதி இல்லையேங்கற எரிச்சல், அத ஏழைங்க மேல இருக்கற அக்கறையா மாத்திப் பேசறாங்க. பாராட்டறவங்க கிட்ட எனக்கு இருக்கற குறை வேற. நிதானமான வாழ்க்கை, அவசரமில்லாத கிராமம்னு எழுதித் தள்ளறாங்க, புத்தகத்த ஒழுங்காப் படிச்சா அதுல ஒருத்தர் கூட நிதானமா இல்ல. ஃபாஸ்டின் டிராக்டர விட்டு எறங்கறதில்ல, கொத்தனார் கல்லுத் தூக்கறாரு, ப்ளம்பர் ஒரு குழாய முடிச்சதும் அடுத்த வீட்டுக்கு ஓடறாரு, சமைக்கறவங்க விடியக்காலையில இருந்து நிக்கறாங்க. ரெண்டே ரெண்டு பேருதான் நிதானமா இருக்காங்க, அந்த ரெண்டு பேரும் சம்பாதிச்சு முடிச்சுட்டு வந்தவங்க. காசு எங்க இருந்து வந்துச்சு, எவ்வளவு செலவாச்சுன்னு மெய்ல் பெருசா பேசறதில்ல, இந்த மாதிரிப் புத்தகங்க பலதுலயும் அந்தப் பக்கம் மட்டும் காலியாத்தான் இருக்கும்.

நீங்க இங்க வர்ற விஷயம். மெய்ல் மாதிரி தோட்டத்தோட ஒரு பழைய பண்ணை வீட்ட பாத்து வாங்கிரலாம்னு வராதீங்க. நீங்க வெளிநாட்டுல இருக்கற இந்தியராவோ ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்குன இந்திய வம்சாவளிக்குக் குடுக்கறது) வச்சிருக்கறவராவோ இருந்தா விவசாய நெலம், தோட்டம், பண்ணை வீடு எதுவும் வாங்க முடியாது, வாரிசா வந்தா வேற கதை. உள்ளூர் இந்தியரா இருந்தாலும் தேயிலை நெலத்த வீட்டு மனையா மாத்தறது லேசுல நடக்காது, ஜேசிபி எறக்கணும்னா கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போகணும், சில்வர் ஓக் வெட்டக்கூட பர்மிஷன். புரோக்கர் இதெல்லாம் பாத்துக்கலாம்பாரு, பாத்துக்க மாட்டாரு. வேலைய ஜனவரியில ஆரம்பிங்க, ஆறு மாசம் வாடகைக்கு இருந்து ஒரு நவம்பரப் பாத்துட்டு அப்புறம் எடம் தேடுனா இன்னும் நல்லது, கரடி வந்து சமையக்கட்டுல எண்ணெய் டின்ன உருட்டறதையும் அதுக்குள்ள ஒருக்கா பாத்துருவீங்க.

ஒரு நாள் நானும் எழுதுவேன்னு கடைசி வரியில சொல்லியிருந்தீங்க. எழுதுங்க, தாராளமா கிண்டலும் பண்ணுங்க. வீட்டுக்கு வர்ற வழிய மட்டும் எழுதாதீங்க, ஊர்ப் பேரக்கூட கொஞ்சம் மறைச்சு வைங்க. எடம் என்ன வெலைக்கு வாங்குனீங்க, வித்தவரு ஏன் வித்தாருங்கறத எழுதுங்க. மேஸ்திரி வராத நாளப் பத்தி எழுதுனா, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் பக்கங்கள அவருக்கு வாசிச்சுக் காட்டிருங்க. எங்க மேஸ்திரி மாதிரி ஆளா இருந்தா ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு, பில் குடுத்த தேதிய மட்டும் திருத்திக் குடுப்பாரு.